ஒரு வீட்டின் இரு சகோதரிகள்: பேகம் ருகையாவின் வாழ்க்கை

தமிழ்ப் பாடத்தில் அகத்திணை படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி இருந்து வருகிறது. தலைவிக்காகப் பேசுவது யார்? அயலார் பெண் கேட்டு வந்தால் அதை நொதுமலர் வரைவு என்கிறோம். மகளின் மனத்தில் வேறொருவன் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வீட்டார் அவளை வெளியே விடாமல் காக்கிறார்கள், அது இற்செறிப்பு. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்ததும் தலைவி தோழியிடம் சொல்கிறாள். தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் கொண்டுபோகிறார்கள். அது அறத்தொடு நிற்றல். இத்தனை பேர் பேசுகிறார்கள். தந்தையின் முன் நின்று பேசாதவள் தலைவி ஒருத்திதான்.

நளன் கதையில் தமயந்திக்குச் சுயம்வரம் உண்டு. மாலை அவள் கையில் இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலோ கதீஜா நாயகி (ரலி) தாமே விரும்பி நபிகளாரை (ஸல்) மணம் முடிக்கும் சிறப்பைக் காண்கிறோம். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டை எடுத்துக்கொண்டால், தகப்பன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்காக வீட்டை விட்டே துரத்துவேன் என்று மிரட்டப்படுகிறாள். எந்த மொழி இலக்கியத்தை எடுத்தாலும் பெண் கேட்டு வருபவர்களும், பேசி முடிக்கும் பெரியவர்களும், நடுவில் நிற்கும் பெண்ணும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதைகளை எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அந்த நடு இடத்தில் தானே நின்ற ஒரு முஸ்லிம் பெண் பேனாவை எடுத்தால் என்ன எழுதுவாள்? அதைத் தேடியபோதுதான் வங்காளத்து எழுத்தாளர் பேகம் ருகையா சகாவத் ஹுசைனின் வாழ்க்கை கிடைத்தது. வங்காளிகள் அவரை ரொகேயா என்பார்கள். நமக்கு அது நம் வீடுகளில் வழங்கும் ருகையா என்ற பெயர்தான்.

ருகையா 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி ரங்பூர் மாவட்டத்தின் பாயிராபந்து என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது பங்களாதேஷில் உள்ளது. தந்தை ஸஹீருத்தீன் ஸாபிர் பெரும் நிலப்பிரபு, பல மொழி அறிந்தவர். ஆண்பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்க வைத்தார். பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே குர்ஆன் ஓதலும் கொஞ்சம் அரபும் உருதுவும் பாரசீகமும் போதும் என்பது அவர் முடிவு. ஊரில் எல்லோரும் பேசிய வங்காள மொழியை எழுதப் படிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. உயர்குடி முஸ்லிம்களின் மொழி உருது, வங்காளம் சாதாரண மக்களின் மொழி என்பது அக்காலத்து எண்ணம். அதோடு, வங்காளம் படித்தால் பெண்கள் தேவையில்லாத புத்தகங்களை வாசிப்பார்கள் என்ற பயமும் இருந்தது.

அந்த வீட்டில் பர்தா எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பிற்காலத்தில் ருகையாவே எழுதியிருக்கிறார். ஐந்து வயதிலேயே அவர் அந்நிய ஆண்களிடமிருந்து மட்டுமன்றி, வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாத பெண்களிடமிருந்தும் மறைந்திருக்க வேண்டியிருந்தது. வெளியூர்ப் பெண்கள் வந்தால் யாராவது கண்ணைக் காட்டுவார்கள். குழந்தை ஓடிப்போய்ச் சமையலறை மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒளிந்துகொள்ளும். ஒருமுறை விருந்தினர் பல நாட்கள் தங்கியதால், அத்தனை நாட்களும் மாடியின் மேல்மூலையில் பசியோடு ஒளிந்திருக்க நேர்ந்தது. அகப்பாட்டில் இற்செறிப்பு என்று படிக்கும்போது அது ஓர் அழகான சொல்லாகத் தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது நடந்தபோது என்னவாக இருந்திருக்கும் என்பதை ருகையாவை வாசித்த பிறகுதான் யோசித்தேன்.

ருகையாவுக்கு ஒரு மூத்த சகோதரி இருந்தார், கரீமுன்னிஸா. நம் வழக்கில் சொன்னால் ராத்தா. இந்த ராத்தாவின் கதையை அறியாமல் ருகையாவின் கதையை விளங்கிக்கொள்ள முடியாது.

சிறுமி கரீமுன்னிஸாவுக்கு எழுத்தின் மேல் தீராத ஆசை. தம்பிமார் பாடம் சொல்லும்போது அருகில் இருந்து கேட்டுக்கொள்வார். பிறகு முற்றத்து மண்ணில் குச்சியால் வங்காள எழுத்துகளை எழுதிப் பழகுவார். அப்படிக் களவாகப் படித்த எழுத்தை வைத்து ஒருநாள் வங்காளக் கதைநூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். உறவினர் கூடி எதிர்த்தார்கள். அவருடைய படிப்பு நிறுத்தப்பட்டு, தாய்வழி உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பதினைந்து வயதாகுமுன் கலியாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை டெல்துவார் என்ற ஊரின் கஸ்னவி நிலப்பிரபுக் குடும்பத்தவர். அந்தஸ்திலே குறை சொல்ல முடியாத சம்பந்தம்.

பெற்றோரின் கண்ணில் அது தண்டனையாக இருந்திருக்காது. ஒரு பெண் படிப்பின் பக்கம் சாய்கிறாள், பேச்சு வரலாம், அதற்குள் நல்ல இடத்தில் கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்ற நிம்மதியும் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் கரீமுன்னிஸாவின் வாழ்வில் புத்தகத்துக்குப் பதிலாக வந்தது கலியாணம். சில ஆண்டுகளில் கணவர் இறந்துபோக, இளம் விதவையாக இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். அப்துல் கரீம் கஸ்னவி, அப்துல் ஹலீம் கஸ்னவி என்ற அந்த இருவரும் பிற்காலத்தில் வங்காள அரசியலில் பெயர் பெற்றார்கள். தாய் தன் கவிதைகளை எழுதிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் பெயர் அறியப்பட்ட அளவுக்குத் தாயின் பெயர் அறியப்படவில்லை.

ராத்தா தனக்குக் கிடைக்காததைத் தங்கைக்குக் கொடுத்தார். ருகையாவுக்கு வங்காள எழுத்தைக் கற்பித்தவர் அவர்தான். ஆங்கிலம் கற்பித்தவர் நானா இப்ராஹீம் ஸாபிர். கல்கத்தாவில் படித்து வந்த அவர், தந்தை உறங்கிய பிறகு நள்ளிரவில் மெழுகுவர்த்தி ஏற்றித் தங்கையை அருகில் இருத்திப் பாடம் சொன்னார். பகலில் பிடிபட்ட ராத்தாவின் அனுபவத்தைக் கண்டதால்தானோ என்னவோ, தங்கையின் பள்ளிக்கூடம் இரவில் நடந்தது.

ருகையாவுக்கும் கலியாண வயது வந்தது. இங்கேதான் இரு சகோதரிகளின் வழி பிரிகிறது. மாப்பிள்ளை பார்க்கும் வேலையை நானா முன்னின்று செய்தார். பணக்கார வீடுகளையும் இளைஞர்களையும் அவர் தேடவில்லை. அவர் கண்ணில் பட்டவர் பிகார் மாகாணத்தின் பாகல்பூரில் உதவி நீதவானாக இருந்த செய்யித் சகாவத் ஹுசைன். இங்கிலாந்து சென்று படித்து வந்தவர். முதல் மனைவியை இழந்தவர், ஒரு மகளின் தந்தை, வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உருது பேசுபவர், வங்காளத்துப் பெண்ணுக்கு அவர் ஊரும் மொழியும் அந்நியம். கலியாணத் தரகரிடம் சொன்னால் குறைகளின் பட்டியலாகத்தான் இருக்கும். ஆனால் படிக்க ஆசைப்படும் பெண்ணை இவர் தடுக்கமாட்டார் என்று இப்ராஹீம் கணித்தார். 1898இல், இருபது வயதை எட்டுமுன், ருகையா சகாவத் ஹுசைனின் மனைவியாகப் பாகல்பூர் சென்றார்.

நானாவின் கணிப்புப் பிழைக்கவில்லை. சகாவத் ஹுசைன் மனைவியை ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் ஊக்கினார். வங்காளம் பேச ஆளில்லாத அந்த ஊரில் இருந்தபடி ருகையா வங்காளத்தில் எழுதத் தொடங்கினார். 1902இல் அவருடைய எழுத்து பத்திரிகையில் வந்தது. 1904இல் மோதிசூர் என்ற கட்டுரைத் தொகுதியின் முதற் பாகம் வெளியாயிற்று. அதில் பெண்ணின் நகைகளைப் பற்றி அவர் எழுதியது அன்று பலரைக் கோபப்படுத்தியது. கைதிக்கு இரும்பு விலங்கு, நமக்குப் பொன் விலங்கு, பெயர் மட்டும் வளையல் என்ற கருத்தை அவர் துணிந்து சொன்னார். கணவனையும் மனைவியையும் ஒரு வண்டியின் இரு சில்லுகளாகக் காட்டி, ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி முன்னே போகாது, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் என்றும் விளக்கினார். கணவனையோ மணவாழ்வையோ வெறுத்தவரின் உவமை அல்ல இது. வண்டி முன்னே போக வேண்டும் என்று விரும்பியவரின் உவமை.

அவருடைய மிகப் புகழ்பெற்ற ஆக்கம் பிறந்த விதம் சுவையானது. கணவர் அலுவலாக வெளியூர் சென்றிருந்தார். தனிமையில் பொழுதைப் போக்க ருகையா ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதினார். சுல்தானாவின் கனவு என்பது அதன் பெயர். அதில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், வானத்தில் ஊர்திகளில் பறக்கிறார்கள். கணவர் திரும்பி வந்து, உட்காரவும் மறந்து நின்றபடியே முழுவதையும் வாசித்து முடித்தார். ஆண்கள்மேல் பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டாய் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு ஆங்கிலம் சரியா என்று பார்க்கும்படி ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு அனுப்பி வைத்தார். அந்தக் கதை 1905இல் அச்சேறியது நமக்குப் பக்கத்திலே, சென்னையில் வெளிவந்த இந்தியப் பெண்கள் சஞ்சிகை ஒன்றில்.

பறக்கும் ஊர்திகளை விட என்னை நிறுத்தியது அக்கதையில் வரும் ஒரு சட்டம். அந்நாட்டு அரசி, எந்தப் பெண்ணும் 21 வயதுக்கு முன் மணம் முடிக்கக் கூடாது என்று ஆணையிடுகிறாள். இதை எழுதிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரித்தானிய இந்தியாவில் 1891இல் வந்த சட்டம், மனைவியானாலும் 12 வயதுக்கு முன் தாம்பத்தியம் கூடாது என்று மட்டுமே சொன்னது. பெண்ணின் மணவயது 14 என்று வகுத்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. 12 என்பதற்கே நாடு முழுவதும் சண்டை நடந்த காலத்தில் பாகல்பூரின் ஒரு வீட்டுக்குள் இருந்த பெண் 21 என்று எழுதினார். அந்த எண்ணை எழுதும்போது பதினைந்தை எட்டாமல் மணப்பெண்ணாக்கப்பட்ட ராத்தாவை நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணவாழ்வின் துன்பமும் அவருக்கு நிறையவே வந்தது. பிறந்த இரண்டு பெண்குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. நீரிழிவு நோயால் கணவரின் பார்வை போயிற்று. அவருக்குக் கண்ணாகவும் தாதியாகவும் இருந்து கவனித்தார் ருகையா. 1909 மே 3ஆம் திகதி சகாவத் ஹுசைன் காலமானார். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை தொடங்க வேண்டும் என்று தம் சேமிப்பில் 10,000 ரூபாவை மனைவியின் பொறுப்பில் விட்டுச் சென்றிருந்தார்.

பிள்ளையில்லாத, முப்பது வயதாகாத விதவை. அப்படிப்பட்டவருக்குச் சமூகம் இரண்டு வழிகளைத்தான் வைத்திருந்தது: இன்னொரு கலியாணம், அல்லது யாராவது உறவினர் வீட்டின் மூலை. ருகையா இரண்டையும் எடுக்கவில்லை. கணவர் இறந்து ஐந்து மாதம் முடியுமுன், 1909 ஒக்டோபர் 1ஆம் திகதி, பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பாடசாலையைத் தொடங்கினார். ஆனால் கணவரின் முதல் தாரத்து மகளுடனும் மருமகனுடனும் ஏற்பட்ட சொத்துத் தகராறினால் அந்த ஊரையே விட்டுக் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. அங்கே 1911 மார்ச் 16ஆம் திகதி, எட்டு மாணவிகளுடன் சகாவத் நினைவுப் பெண்கள் பாடசாலை மறுபடி திறந்தது. ஒரு நாளேனும் பாடசாலை வாங்கில் இருந்து படிக்காத ஒருவர், பாடசாலை நடத்துவது எப்படி என்று கல்கத்தாவின் மற்றப் பெண்கள் பாடசாலைகளைப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

மாணவிகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. முஸ்லிம் வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பெற்றோருடன் பேசினார். பர்தா பேணியே பாடசாலைக்குக் கூட்டிப்போவோம் என்று உறுதி சொன்னார். அந்த உறுதியைக் காப்பாற்றப் பட்ட பாட்டை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பாடசாலையின் மோட்டார் வண்டி நாற்புறமும் அடைத்துக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே இருட்டும் வெக்கையும். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். பிள்ளைகளை இப்படியா கொண்டுபோவது என்று முறைப்பாடு வந்தது. அடைப்பை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போட்டார். காற்றில் திரை அசைந்தது. உடனே, பர்தா போய்விட்டது, பத்திரிகைக்கு எழுதுவோம் என்று மிரட்டும் கடிதங்கள் வந்தன. இரண்டு பக்கமும் பெற்றோர் என்ற பெயரில்தான் பேசினார்கள். நடுவில் வண்டிக்குள் இருந்த பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளைப் படிக்க வைத்தால் நல்ல மாப்பிள்ளை கிடைக்குமா என்ற கேள்வியும் அவருக்கு முன்னே எப்போதும் நின்றது. அவர் அதைச் சண்டையாக மாற்றவில்லை. நல்ல இல்லத்தரசியாக இருப்பதற்கே சமையலறையில் இரசாயன அறிவும், பிள்ளை வளர்ப்பில் சுகாதார அறிவும், குடும்பச் செலவில் கணக்கும் வேண்டுமே என்று பெற்றோருக்குப் புரியும் வழியில் எழுதினார். 1916இல் முஸ்லிம் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கு உதவினார். பெற்றோரிடம் இவ்வளவு பணிவாகப் பேசியவர், கதையில் மட்டும் தன் மனத்தை முழுதாகத் திறந்தார்.

அந்தக் கதைதான் 1924இல் நூலாக வந்த பத்மராகம் என்ற நாவல். தாரிணி பவனம் என்பது அதில் வரும் இல்லம். கைவிடப்பட்ட பெண்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்து, பாடசாலை நடத்தி, நோயாளரைக் கவனித்து, தொழில் செய்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்ற பேதம் அங்கே இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு கலியாணத்தால் காயப்பட்டவள். ஒருத்தியின் கணவன் பரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து போகிறான். அவள் பத்து ஆண்டுகள் காத்திருக்கிறாள், வந்து சேர்வது தலாக் கடிதம். ஓர் ஆங்கிலப் பெண்ணின் கணவன் பைத்தியமாகிவிட்டான். அவளுடைய நாட்டுச் சட்டம் அவளுக்கு விடுதலை தரவில்லை. மேல்நாட்டில் பெண்ணுக்கு எல்லாம் சரி என்ற எண்ணமும் ருகையாவிடம் இருக்கவில்லை என்பதற்கு அவள் ஒரு சான்று.

நாயகி சித்தீக்கா. பெரியவர்கள் பேசி அவளுக்கு மண ஒப்பந்தம் ஆகிறது. ஆனால் அவள் பேரில் உள்ள சொத்தை எழுதித் தரும்படி மாப்பிள்ளையின் பெரியவர் கேட்கிறார். பெண்ணின் அண்ணன் மறுக்கிறார். சம்பந்தம் முறிகிறது. மாப்பிள்ளை லத்தீப், பெரியவரின் சொல்லை மீற முடியாமல் வேறொருத்தியை மணக்கிறான். பெண்ணின் முகத்தைக் கூட அவன் பார்த்ததில்லை. காலம் ஓடுகிறது. குடும்பத்தை இழந்து தாரிணி பவனத்தில் அடைக்கலமான சித்தீக்கா, காயப்பட்டுக் கிடந்த ஒருவரைப் பராமரிக்கிறாள். இருவர் மனமும் ஒன்றாகிறது. பிறகுதான் தெரிகிறது, அவன்தான் லத்தீப்.

வேறு நாவலாக இருந்தால் இங்கே நிக்காஹ் விருந்துடன் கதை முடிந்திருக்கும். லத்தீப் மன்னிப்புக் கேட்கிறான், அவளை அழைக்கிறான். அவளும் அவனை நேசிக்கிறாள். ஆனாலும் சித்தீக்கா போகவில்லை. சொத்துக்காக என்னை வேண்டாம் என்றவர்கள் இன்று வா என்றதும் நான் போய்விட்டால், பெண்ணை எப்படி நடத்தினாலும் கடைசியில் வந்துவிடுவாள் என்று உலகம் நினைக்கும் என்பது அவள் எண்ணம். கலியாணம் மட்டுமே பெண்ணின் வாழ்க்கை அல்ல என்று தன் வாழ்வால் காட்ட அவள் தீர்மானிக்கிறாள். வாசிக்கும் எவருக்கும் லத்தீப் மேல் கோபம் வராது. அவன் கெட்டவன் அல்ல, பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்காதவன். பெண்ணைப் போலவே பிள்ளையும் மௌனமாக நின்றால் இரண்டு வாழ்க்கைகள் போகும் என்பதை ருகையா இதில் காட்டுகிறார். சீதனமும் கைக்கூலியும் பேசப்படும் வீடுகளில் இந்த நாவல் இன்றும் பழையதாகவில்லை.

இந்த நாவலை ருகையா யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? தனக்கு நல்ல மாப்பிள்ளை பார்த்துத் தந்த நானா இப்ராஹீமுக்கு. தன்னை உருவாக்கியவர் அவரே என்றும் எழுதினார். அதற்கு முன் 1922இல் வந்த மோதிசூரின் இரண்டாம் பாகத்தை ராத்தா கரீமுன்னிஸாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். நல்ல சம்பந்தம் அமைந்த தன் நன்றியும், அமையாத ராத்தாவின் துயரமும் அவருக்குள் ஒன்றாகவே இருந்தன.

1931இல் வந்த அவரோதவாசினி, அதாவது அடைபட்டவள், என்ற நூலில் 47 சிறு சம்பவங்களைத் தொகுத்தார். பிகாரில் மணப்பெண்ணைக் கலியாணத்துக்கு முன் மாதக்கணக்காக வெளிச்சமற்ற அறையில் இருத்தி வைக்கும் வழக்கத்தையும், அதனால் உடல்நலம் கெட்ட பெண்களையும் அதில் பதிவு செய்தார். இதனால் அவரை மார்க்கத்துக்கு எதிரானவர் என்று ஏசியவர்கள் உண்டு. உண்மையில் அவர் தாமே புர்கா அணிந்தவர். அளவான பர்தாவை ஆதரித்துத் தனிக் கட்டுரையே எழுதியவர். அவர் எதிர்த்தது பெண்ணை அறையில் பூட்டும் வழக்கத்தையும், மார்க்கம் கொடுத்த உரிமையைப் பறிக்கும் வழக்கத்தையும்தான். மகனுக்கும் மகளுக்கும் கல்வி கடமை என்ற மார்க்கத்தைப் பின்பற்றுவோர் மகளை மட்டும் மறந்தது ஏன் என்பதே அவர் கேள்வி.

அவர் கேட்டதில் புதுமை ஒன்றுமில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற நபித்தோழியை அவருடைய தந்தை, விருப்பத்துக்கு மாறாக ஒருவருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். அந்தப் பெண்மணி நபிகளாரிடம் (ஸல்) வந்து முறையிட்டார். நபிகளார் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் உள்ள இந்தச் செய்தியை நாம் இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். நம் அகப்பாட்டின் தலைவி தந்தைக்கு முன் சொல்ல முடியாததை, கன்ஸா (ரலி) அல்லாஹ்வின் தூதருக்கு முன் நின்றே சொன்னார். அவர் சொல் ஏற்கப்பட்டது.

1932 டிசம்பர் 9ஆம் திகதி அதிகாலை ருகையா காலமானார். பிறந்த அதே திகதி. வயது 52. முதல்நாள் இரவு அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமல் மேசையில் கிடந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் தலைப்பு. எட்டு மாணவிகளுடன் கல்கத்தாவில் அவர் திறந்த பாடசாலை இன்றும் நடக்கிறது. டிசம்பர் 9 பங்களாதேஷில் ருகையா தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இந்த வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தபோது என் பெரியும்மாவை நினைத்தேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்குப் போனபோது அவர் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதவில்லை. குமரை வைத்துக்கொண்டு அகதி முகாமில் எப்படி இருப்பது என்று உம்மும்மாவுக்குப் பயம்; அடுத்த ஆண்டே கலியாணம் முடித்துக் கொடுத்தார்கள். பெரியும்மா யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்த பிறகு, என் உயர்தரப் புத்தகங்களை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். முற்றத்து மண்ணில் குச்சியால் எழுதிய கரீமுன்னிஸாவை நான் அப்படித்தான் கண்ணால் கண்டேன். உம்மும்மாவின் பயமும் எனக்கு விளங்குகிறது. பாயிராபந்தின் பெரிய வீட்டிலும் கூடாரத்திலும் பெற்றோரை அவசரப்படுத்தியது ஒன்றுதான்: மகளின் மேலுள்ள பாசத்தோடு கலந்த பயம்.

எனவே இந்தக் கட்டுரை பெற்றோர் பார்க்கும் கலியாணத்துக்கு எதிரானதல்ல. ருகையாவுக்கு அமைந்ததும் வீட்டார் பார்த்த கலியாணமே. ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே அறிவு. தங்கைக்கு வாய்த்தது படிக்க விட்ட கணவன். ராத்தாவுக்கு வாய்த்தது படிப்பை நிறுத்திய கலியாணம். தங்கைக்கு மாப்பிள்ளை தேடியவர் முதலில் அவள் மனத்தை அறிந்திருந்தார். இரவில் அவளோடு இருந்து பாடம் சொன்னவர் அல்லவா? ராத்தாவுக்குத் தேடியவர்கள் அவள் மனத்துக்குப் பயந்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்வு இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்பதற்காகவே ருகையா தம் மிச்ச வாழ்வைக் கொடுத்தார்.

நமது நாட்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் எழுதப்பட்டபோது, விவாகப் பதிவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணின் வலீக்கும் கையொப்பமிட இடம் வைத்தது. மணப்பெண்ணுக்கு இடம் வைக்கவில்லை. அதைத் திருத்துவது பற்றிப் பெரியவர்கள் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். சட்டம் எப்போது மாறினாலும் மாறட்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெண் கேட்டு ஆள் வந்த அன்றிரவு, வந்தவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், வாப்பா மகளை அருகில் இருத்தி அவள் மனத்தைக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கலாம். அவள் மௌனமாக இருந்தால், அது சம்மதமா பயமா என்று உம்மா பார்த்துச் சொல்லலாம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக நாங்களும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வகுப்பறையில் இருந்து படிக்கிறோம்.